ஒரு பெட்டி அம்பு

சயான் கோலிவாடாவில் மூன்றாம் மாடி.
சனிக்கிழமை ஒன்பது மணி ஆனதும்
எங்கள் கைபேசிகளை வாங்கி
குக்கருக்குள் போட்டு மூடிவிடுவான் ஓம்கார்.
விசில் மாட்டுவதில்லை, அவ்வளவுதான் சலுகை.

ஆட்டத்தை நடத்துகிறவன் அவன்.
புதையலும் அவன், பொறியும் அவன்,
பாதாளத்தில் சொட்டுகிற தண்ணீரும் அவன்தான்.
வெளியே சொட்டுவது ஜூலை.

இரண்டு வருடம் என் வில் தீராத வில்.
கிணறு எவ்வளவு ஆழம் என்று கேட்க ஓர் அம்பு,
கதவுக்குப் பின்னால் யார் என்று தட்ட ஓர் அம்பு,
சத்திரக்காரன் தொப்பியைக் கழற்ற ஒன்று.
போன மாதம் ஒரு தீப்பெட்டியை என்முன் வைத்தான்.
இருபது குச்சி எண்ணி உள்ளே விட்டு
மீதியை அடுப்படிக்கு எடுத்துப் போனான்.
"எய்தால் ஒன்றை வெளியே போடு."

ஹேதலின் கோடாரி தீராது.
பின்டோவின் மந்திரம் தூங்கி எழுந்தால் ஊறிவிடும்.
எனக்கு மட்டும் ரேஷன்.

பகலெல்லாம் ஆன்டாப் ஹில் மருந்துக்கடையில்
பத்துப் பத்தாக எண்ணுகிறவள் நான்.
நாலு மாத்திரை போதும் என்பவருக்கு
மிச்ச ஆறில் காலாவதித் தேதி நிற்கும்படி
பட்டையை வெட்டத் தெரியும்.
இங்கேயுமா என்றேன்.
இங்கேயும்தான்.

அம்பறாத்தூணி என்று சொல்லிக்கொடுத்தேன்.
அதைச் சொல்லி முடிப்பதற்குள்
காப்ளின் காலைக் கடித்துவிடும் என்றாள் ஹேதல்.
டப்பா என்றே வைத்துக்கொண்டோம்.

சண்டை ஓய்ந்தபின் தேடினால் பாதி கிடைக்கும், விதி.
ஏழு எய்திருந்தேன்.
அரை அம்பை வைத்து யாரைக் கொல்வது?
அரைமணி நேரம் வழக்கு நடந்தது.
எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
எய்தவளே திரும்பி வந்து
செத்தவன் விலாவில் கால்வைத்துப் பிடுங்குவதை
எந்தப் பழமொழியும் சொல்லவில்லை.

அதன்பிறகுதான் முதல்முறையாக
ஒருவனைத் தப்பவிட்டேன்.
பத்தடியில் முதுகு காட்டி ஓடினான்.
டப்பாவில் நாலு இருந்தது.
கருணை என்றான் பின்டோ.
இல்லை, கணக்கு.
இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்
ஓடுகிறவனுக்கு.

நேற்றிரவு தொங்குபாலம்.
கீழே ஆறு, விழுந்தது விழுந்ததுதான்,
பாதி என்ற பேச்சே இல்லை.
ஒவ்வொரு குச்சியாக
ஓம்காரின் ஆறிய டீக்குள் போயிற்று.
மறுகரையில் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தது
மூன்று கை உள்ள ஏதோ ஒன்று.
மழை, நாண் நனைந்துவிட்டது, இரண்டு குறை என்றான்.
மெழுகுத்துணியில் சுற்றினேன் என்று
நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.
சொல்லவில்லை.
கடைசிக் குச்சி கையில்.
இருபது முகப் பகடையை உருட்டினேன்.
டம்ளரில் மோதித் திரும்பி
அது நிற்கிற சத்தம் கேட்டபோது
மின்சாரம் போனது.

கட்டிடம் முழுக்க ஒரே "அரே!"
குக்கரைப் போய் எடுக்கலாம்.
யாரும் எழவில்லை.
ஹார்பர் வண்டி ஒன்று கடந்தது.
அதன் வெளிச்சம் ஜன்னல்வரை வந்து
மேஜைக்கு வராமல் போயிற்று.

உரசினேன்.

மருந்து சீறிப் பிடித்தது.
நாலு தலை குனிந்தோம்.
பதினான்கா, பதினேழா, விரல் சுட்டது,
பதினேழு.
இரண்டு போனால் பதினைந்து.
வேண்டியது பதினைந்து.

பட்டது என்றாள் ஹேதல், இருட்டிலிருந்து.
ஓம்கார் கொஞ்சநேரம் பேசவில்லை.
"அம்பு ஏது? இப்போதுதானே எரித்தாய்?"

அப்படியானால் அது நெருப்பு அம்பு என்றேன்.
விதிப்புத்தகத்தைப் புரட்ட வெளிச்சமில்லை.
கயிற்றின்மேல் மூன்று கைகளும் அப்படியே காத்திருக்க,
பாலத்தில் பாதி, நாற்காலியில் பாதியாக
கந்தக வாடைக்குள் வாதாடிக்கொண்டிருந்தோம்
கீழ்வீட்டுக் காம்ளே கதவைத் தட்டி
தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்கும்வரை.

பெட்டி இருக்கிறது என்றேன்.